பெயரறியாப் பருவ அருவிகளைத் தேடுவது எப்படி? வேலூர் மலைகளுக்கான நான்கு வழிகள்

அமிர்தி, ஜலகாம்பாறை, ஜமுனாமரத்தூர் அருகேயுள்ள பீமன் நீர்வீழ்ச்சி ஆகிய மூன்றையும் பார்த்து முடித்தவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. வழிகாட்டிப் பலகையும் நுழைவுச்சீட்டும் இல்லாத, மழைக்காலத்தில் மட்டும் விழுகிற சிற்றருவிகள் நம் பக்கத்து மலைகளில் பல இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போக எந்த வழி நல்லது? வரைபடத்தை வைத்துக்கொண்டு நாமே தேடலாமா, மலையூர்க்காரர்களைக் கேட்டுப் போகலாமா, வனத்துறை அனுமதித்த தடங்களோடு நின்றுகொள்ளலாமா, இணையக் காணொளிகளைப் பின்பற்றலாமா என்பதில்தான் பலரும் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்தில் இருப்பவர்களின் அனுபவம் இதில் நமக்கு உதவாது. அங்கே சோலைக்காடு மழைநீரைப் பிடித்துவைத்து மாதக்கணக்கில் கசியவிடுகிறது. நம்முடைய ஜவ்வாது, ஏலகிரி, பாலமதி மலைகளோ கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்தவை. நைஸ், சார்னோகைட் போன்ற இறுகிய பாறையின்மேல் மெல்லிய மண்ணும், அதன்மேல் இலையுதிர்க் காடும் முட்புதரும் கொண்டவை. பெய்த மழையில் ஓடக்கூடிய பங்கு சில மணி நேரத்திலேயே கானாறுகளின் வழியாக இறங்கிப் பாலாற்றையோ செய்யாற்றையோ நோக்கிப் போய்விடுகிறது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்புள்ள ஒரு கானாற்றின் தலைமாட்டில் 50 மி.மீ. மழை பெய்தால், விழும் நீர் 1 லட்சம் கன மீட்டர். அதில் கால்பங்கு ஓடி இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 25,000 கன மீட்டர். பாறையில் வெள்ளைக் கோடாகத் தெரியும் அளவுக்கு, அதாவது நொடிக்கு 20 லிட்டர் வீதம், ஓர் அருவி விழ நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,730 கன மீட்டர் போதும். அப்படியானால் அந்த ஒரு மழைக்கே 2 வாரம் விழ வேண்டும். ஆனால் அந்த 25,000 கன மீட்டரில் பெரும்பங்கு முதல் இரவிலேயே கலங்கல் வெள்ளமாகப் போய்விடுவதால், பார்க்கத்தக்க நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாகவே மிஞ்சுகின்றன. ஆகவே அருவி எங்கே இருக்கிறது என்பது பாதிக் கேள்விதான். அது எந்த வாரத்தில் விழும் என்பது அதைவிடக் கடினமான மறுபாதி. நான்கு வழிகளையும் முதன்மையாக இந்த மறுபாதியை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

## அளவுகோல்கள்

முதல் அளவுகோல், மேலே சொன்ன நாள் கணிப்பு. வேலூர் வட்டாரத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் மாலை இடிமழையாகப் பெய்வதால் அருவி ஓரிரவு பெருகி மறுநாளே மெலிந்துவிடும். வடகிழக்குப் பருவத்தில் அடுத்தடுத்த மழைகளால் மண் ஊறிய பிறகு, நவம்பர் கடைசியிலிருந்து, நல்ல ஆண்டாக இருந்தால் பொங்கல் வரைக்கும்கூடச் சீராக விழும்.

இரண்டாவது, சட்டம். நம் மலைச்சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அனுமதியின்றி அதனுள் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் தனி விதிகளும் அதே ஆண்டில் வந்தன. பழைய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஜவ்வாது மலையின் பெரும்பரப்போ அதற்கு வெகுநாள் முன்பே திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆகவே ஓர் ஓடை ஒரு வனக்கோட்டத்தில் பிறந்து இன்னொரு கோட்டத்தில் அருவியாக விழக்கூடும். யாரிடம் அனுமதி கேட்பது என்பதே சில வேளைகளில் ஒரு வாரத்து வேலையாகிவிடுகிறது.

மூன்றாவது, ஆபத்தும் மீட்பு நேரமும். 2023 மே மாதத்தில் அணைக்கட்டு என்ற ஊருக்கு அருகே அல்லேரி மலைக் குக்கிராமத்தில் பாம்பு கடித்த ஒரு குழந்தை, சாலை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனை சேராமல் இறந்தது தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த நிலை என்றால், அருவி பார்க்கப் போய்க் கணுக்காலை முறித்துக்கொள்பவருக்கு 108 எந்த இடம் வரைக்கும் வரும் என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. பெட்ரோலும் சாப்பாடும் எல்லாரும் கணக்கிடுபவை. கணக்கில் வராதவை வேறு. ஓர் எடுத்துக்காட்டு: உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களில் வாழும் மிக நுண்ணிய பூச்சிகளின் கடியால் பரவும் இந்நோய் வேலூர் வட்டாரத்துக்குப் புதிதன்று. மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில், அதாவது நம் அருவிகள் விழுகிற அதே மாதங்களில், கூடுதலாகக் காணப்படுகிறது. மலைக்குப் போய்வந்து ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். அக்குள், இடுப்பு மடிப்பு போன்ற இடங்களில் கருகிய புண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சரியான மருந்து உடனே கிடைத்தால் குணமாகும். நாட்களைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்தாகும்.

ஐந்தாவது, நாம் போய்வந்த பிறகு அந்த இடத்துக்கும் அங்குள்ளவர்களுக்கும் என்ன ஆகும் என்பது. இதைப் பலர் கடைசியில் வைக்கிறார்கள். நான் சட்டத்துக்கு அடுத்த இடத்தில் வைப்பேன்.

| வழி | இடத்தைச் சொல்லுமா | நாளைச் சொல்லுமா | சட்டச் சிக்கல் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| வரைபடம், செயற்கைக்கோள் படம் | ஓரளவு நன்றாக | மழையளவோடு சேர்த்துப் பார்த்தால் ஓரளவு | எல்லையைக் கவனிக்காவிட்டால் அதிகம் | நேரம், வெறுங்கைத் திரும்பல், வேண்டாத சந்திப்பு |
| மலையூர் மக்கள் | மிக நன்றாக | மிக நன்றாக | காப்புக்காட்டில் துணை வந்தவருக்கும் சேர்த்து | கூலி, உறவு, பொறுமை |
| வனத்துறைத் தடம் | குறித்த இடம் மட்டும் | இல்லை | இல்லை | முன்பதிவு, மழையால் ரத்து |
| காணொளி, குழுப் பயணம் | கிடைத்தால் துல்லியமாக | பெரும்பாலும் தவறாக | தெரியாமலே மாட்டிக்கொள்ளலாம் | கூட்டம், இடத்தின் அழிவு |

## வரைபடமும் செயற்கைக்கோள் படமும்

இந்திய நில அளவைத் துறை 1:50,000 அளவில் வெளியிடும் வரைபடங்களை அத்துறையின் இணையதளத்தில் பதிவுசெய்து இறக்கிக்கொள்ளலாம். பழைய எண் முறையில் ஜவ்வாது மலையின் பெரும்பகுதி 57-எல் தொகுதிக்குள் வரும். இந்த வரைபடத்தில் 2 செ.மீ. என்பது நிலத்தில் 1 கி.மீ.; சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. நீலக் கோடாக வரும் ஓடையை மூன்று சமவுயரக் கோடுகள் 2 மி.மீ. இடைவெளிக்குள் நெருங்கி வெட்டினால், அங்கே ஓடை 100 மீட்டர் தூரத்தில் 40 மீட்டர் இறங்குகிறது என்று பொருள். அது அருவியாகவோ தொடர் பாறைச்சரிவாகவோ இருக்கும். அந்த இடத்துக்கு மேலுள்ள முகடுகளை இணைத்து நீர்ப்பிடிப்பைப் பென்சிலால் வரைந்துகொண்டு பரப்பைப் பாருங்கள். 4 சதுர செ.மீ.க்கும் குறைவாக, அதாவது 1 சதுர கி.மீ.க்கும் குறைவாக இருந்தால், மழை பெய்யும்போது தவிர மற்ற நேரத்தில் அங்கே எதையும் எதிர்பார்க்க வேண்டாம். 8 சதுர செ.மீ.க்கு மேல் இருந்தால் பட்டியலில் சேர்க்கலாம்.

இதன் குறையும் இதே கோடுகளில்தான் இருக்கிறது. 15 மீட்டர் உயரமுள்ள அழகான அருவி ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே சுவடே இல்லாமல் மறைந்துவிட முடியும். கைப்பேசி வரைபடங்களின் மேடுபள்ளக் காட்சி இன்னும் மோசம். அவை பெரும்பாலும் 30 மீட்டர் கட்டங்களால் ஆன உயரத் தரவிலிருந்து செய்யப்படுவதால், செங்குத்துப் பாறையும் அங்கே மொழுகிவிட்ட சரிவாகவே தெரியும்.

ஆகவே செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களைப் புரட்டும் வசதி இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதத்துப் படத்தில் காடெல்லாம் காய்ந்து பழுப்பாக இருக்க, ஒரு மடிப்பில் மட்டும் பச்சைக் கோடு ஓடி, வெறும் பாறை முகத்தில் அறுந்து, கீழே மறுபடி தொடங்கினால் அது நல்ல அறிகுறி. பாறை முகத்தில் மேலிருந்து கீழாகக் கருமையான கறைக் கோடுகள் தெரிந்தால் இன்னும் நல்லது. ஆண்டுதோறும் நீர் வழிந்து பாசி படிந்து காய்ந்த தடம் அது, கோடையிலும் அழியாது. ஆனால் டிசம்பர், ஜனவரிப் படங்களை நம்பக்கூடாது. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கு நோக்கிய பள்ளத்தாக்குகள் நிழலில் மூழ்கிக் கிடக்கும்.

நாளைக் கணிப்பதற்குச் செயற்கைக்கோளை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் 5 நாளுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு புள்ளி 10 மீட்டர் அகலம் என்பதால் 2 மீட்டர் அகலக் கானாறு அதில் தெரியாது. மலையடிவாரத்து ஏரி தெரியும். மேகம் விலகிய ஒரு நாளில் அந்த ஏரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், அதற்கு மேலேயுள்ள ஓடையைப் பற்றி ஓரளவு ஊகிக்கலாம். அதைவிட நல்ல குறி, ஏரி கோடி போகிறது, அதாவது நிரம்பி உபரிநீர் வழிகிறது, என்ற செய்தி. கணியம்பாடி, ஒடுகத்தூர்ப் பக்கத்து ஏரிகள் கோடி போகத் தொடங்கினால் மேலே மண் ஊறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பாலமதிக்கு ஓட்டேரி ஏரி அப்படிப்பட்ட அடையாளம். வானிலை ஆய்வுத் துறையின் மழையளவைப் பார்ப்பவர்கள் இரண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. ஆலங்காயத்திலோ குடியாத்தத்திலோ உள்ள மழைமானி சுழியம் காட்டும் நாளிலும் மலைமேல் இடிமழை கொட்டித் தீர்த்திருக்கலாம்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். வரைபடத்தில் 800 மீட்டராகத் தெரியும் ஓடைப்பாதை, உண்ணிச்செடிப் புதர் அடைத்துக்கொண்டால் அரைநாள் வேலை. அடிவார நிலங்களில் காட்டுப்பன்றிக்காகச் சிலர் சட்டவிரோதமாக மின்கம்பி இழுத்து வைப்பதும், தீனிக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காய் வைப்பதும் உண்டு. பழக்கமில்லாதவர் கண்ணுக்கு இரண்டும் படாது. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: நம் மலைகளில் ஓடை நீரை நம்பிச் சாராய ஊறல் போடுபவர்கள் இருக்கிறார்கள், காவல்துறையின் சோதனைகளும் அடிக்கடி நடக்கின்றன. ஆள் நடமாட்டமில்லாத ஓடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வரும் திசையிலேயே மேலே ஏறும் புதியவர், ஊறல்காரர் கண்ணுக்கும் காவலர் கண்ணுக்கும் ஒரே அளவு சந்தேகத்துக்கு உரியவராகிறார். புதருக்குள் நீல டிரம்களோ, காரணமில்லாமல் ஒதுங்கிப் போகும் குழாயோ, புளித்த வாடையோ தென்பட்டால் அங்கேயே திரும்பிவிடுவது நல்லது. படம் எடுக்க வேண்டாம்.

இந்த வழி யாருக்குச் சரி? காடு பழகியவர்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போகக்கூடியவர்கள், காப்புக்காட்டு எல்லைப் புள்ளிக்கோட்டை வரைபடத்தில் படிக்கத் தெரிந்து அதற்கு வெளியே உள்ள ஓடைகளை மட்டும் தேர்ந்தெடுப்பவர்கள் ஆகியோருக்குச் சரி. மற்றவர்களுக்கு இது வீட்டிலிருந்தபடி பட்டியல் போடும் கருவி. அந்தப் பட்டியலோடு அடுத்த வழிக்குப் போகலாம்.

## மலையூர் மக்களைக் கேட்டுப் போவது

பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகளிலும், ஜமுனாமரத்தூரைச் சுற்றியும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்லர்) சாமை விதைத்தும், ஆடு மாடு மேய்த்தும், புளி, கடுக்காய், தேன் சேகரித்தும் வாழ்பவர்கள். அவர்களுக்கு ஓடை வேடிக்கைப் பொருள் அன்று. கால்நடைக்கும் வீட்டுக்கும் அதுதான் தண்ணீர். அதனாலேயே எந்த மடுவில், அதாவது ஓடைப் பள்ளத்தில், எந்த மாதம் வரை நீர் நிற்கும் என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். வேறு எந்த வழியிலும் கிடைக்காத தகவல் இது.

கேட்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டியை நிறுத்தி, “இங்க ஃபால்ஸ் எங்க இருக்கு?” என்று கேட்டால் கை பீமன் நீர்வீழ்ச்சியின் பக்கம் நீளும், கேட்டவருக்கு எது வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அதற்குப் பதிலாக, மாடு ஓட்டிக்கொண்டு வருபவரிடம், “அண்ணா, மாடுங்க எங்க தண்ணி குடிக்கும்?” என்று தொடங்கினால் பேச்சே வேறாகிறது. “மேல மடுவுலதான் சார். பொங்கல் வரைக்கும் நிக்கும், அப்பறம் கீழ ஓட்டினு வந்துடுவோம்” என்பதுபோல் வரும் பதிலில் இடம், உயரம், காலம் மூன்றும் அடங்கிவிடுகின்றன. மடு இருந்தால் அதற்கு மேலே நீர் விழுந்து பறித்த பாறை இருக்கும். அவர்கள் நாளைத் தேதியாகச் சொல்வதைவிட ஆடி, தீபம், பொங்கல் என்று பண்டிகையை வைத்துச் சொல்வதே அதிகம். நமக்கும் அதுவே போதும்.

பெண்களைக் கேட்பதை விட்டுவிட வேண்டாம். குடத்தோடு நடப்பவர்கள் அவர்கள் என்பதால், ஓடை எந்த வாரத்தில் மெலிகிறது என்று ஆண்களைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர்கள். ஆனால் தனியாக இருக்கும் பெண்ணிடம் வெளியூர் ஆண்கள் கூட்டமாகப் போய்க் கேட்பது அழகல்ல. நம்மோடு ஒரு பெண் இருந்தால், “அக்கா” என்று அழைத்து அவர் கேட்கட்டும்.

அவர்கள் தயங்குவதற்கும் காரணங்கள் இருக்கின்றன. சந்தனக் கடத்தல் காலத்திலிருந்தே மலைக்கு வரும் புதியவர் என்றால் ஒன்று இடைத்தரகர், அல்லது துப்பு விசாரிப்பவர் என்ற அனுபவம் அவர்களுக்கு உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகக் கூறி ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் 20 தமிழகத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அந்த நினைவு இருக்கும் ஊரில், காட்டுப் பாதையைப் பற்றி விசாரிக்கும் அந்நியருக்கு முதல் நாளிலேயே வாய் திறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, யார், எந்த ஊர், எதற்கு வந்தோம் என்பதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். முதல் தடவை கேட்டுவிட்டுத் திரும்பி, மழைக்குப் பிறகு தொலைபேசியில் விசாரித்து, இரண்டாம் தடவை நடப்பதே சரியான ஒழுங்கு. தொலைபேசியில் “தண்ணி வருதா?” என்று கேட்கக்கூடிய ஒருவர் ஒரு மலையூரில் கிடைத்துவிட்டால், செயற்கைக்கோளும் மழைமானியும் இரண்டாம்பட்சம்.

இந்த வழியின் செலவுகள் நான்கைச் சொல்ல வேண்டும். கூலி முதலாவது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26க்குத் தமிழ்நாட்டின் தினக்கூலி 336 ரூபாயாக இருந்தது. பாறையேறித் துணைக்கு வருபவருக்கு அதன் இரண்டு மூன்று மடங்காவது கொடுப்பதே முறை, அதைக் கிளம்பும் முன்பே பேசிக்கொள்வது இருவருக்கும் மரியாதை. தூரக் கணக்கு இரண்டாவது. “இதோ பக்கத்துலதான்” என்பது அவர்களுடைய காலுக்குப் பக்கம். வேலூர்க் காலுக்கு அது 2 மணி நேரமாகலாம். மூன்றாவது, ஓடையைச் சார்ந்த வாழ்க்கை. பல குக்கிராமங்களில் மேட்டு ஓடையிலிருந்து கறுப்புக் குழாய் போட்டு நேரே வீட்டுவாசலுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருப்பார்கள். அருவிக்குக் கீழே அந்தக் குழாயின் வாய் கல்லிடுக்கில் துணி சுற்றிச் செருகியிருப்பதைப் பார்த்த பிறகும் மேலே நின்று சோப்பு போட்டுக் குளிப்பவரை என்னவென்று சொல்வது? சில மடுக்களின் கரையில் கன்னிமார் கற்கள் இருக்கும். செருப்பு, அசைவம், மது மூன்றையும் எட்டவே வைத்துவிட வேண்டும், தண்ணீரில் இறங்கலாமா என்பதை ஊராரே சொல்லட்டும்.

நான்காவதுதான் கனமானது. உள்ளூர்க்காரர் துணைக்கு வருகிறார் என்பதால் காப்புக்காட்டு நுழைவு சட்டப்படியாகிவிடாது. பிடிபட்டால் நாம் அபராதம் கட்டிவிட்டு ஊர் திரும்பலாம். அவர் அதே வனச்சரகத்தில் நாளையும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போக வேண்டியவர். ஆகவே பட்டா நிலம், ஊர்ப் பொதுநிலம், மேய்ச்சல் தடம் வழியாகப் போகக்கூடிய ஓடைகளை மட்டும் காட்டச் சொல்லிக் கேட்பது நம் பொறுப்பு.

நேரம் இருப்பவர்களுக்கும், ஒரே மலையைப் பல ஆண்டுகள் பார்க்க விரும்புபவர்களுக்கும் நான்கில் இதுவே சிறந்த வழி. ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இது ஒத்துவராது.

## வனத்துறையின் தடங்கள்

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 மலையேற்றத் தடங்களைத் திறந்தது. நம் பக்கத்தில் திருப்பத்தூர் மாவட்டத்தின் ஏலகிரி சுவாமிமலைத் தடமும் ஜலகாம்பாறைத் தடமும் அதில் அடங்கும். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும்; பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். சட்டச் சிக்கல் இல்லை, துணை இருக்கிறது, கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அந்த மலையிலேயே தங்குகிறது.

புதிய அருவியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பவருக்கு மட்டும் இது ஏமாற்றம் தரும். தடம் முன்கூட்டியே வகுக்கப்பட்டது. நாள் கணிப்பிலும் ஒரு முரண்பாடு இருக்கிறது. கனமழை எச்சரிக்கை வந்தால் நடை நிறுத்தப்படும். காட்டுத்தீக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடப்படும். அருவி முழு வேகத்தில் விழும் நாளில் நம் முன்பதிவு ரத்தாகி, வானம் தெளிந்த மறுவாரம் மெலிந்த நீரோடு காட்சி தருவது இயல்பு. நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடையில், எச்சரிக்கை விலகிய முதல் வார இறுதிக்குப் பதிவுசெய்வது வாய்ப்பைக் கூட்டும்.

முதன்முறை மலை ஏறுபவர்கள், கல்லூரி மாணவர்கள், பெண்கள் மட்டுமே உள்ள குழுக்கள், வெளிமாநில நண்பர்களை அழைத்துப் போகிறவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் இதிலிருந்து தொடங்கலாம். வழிகாட்டியோடு நடக்கும்போது பார்த்த பக்கத்து ஓடைகளைக் குறித்துக்கொண்டு, மாவட்ட வன அலுவலருக்கு முறையாக எழுதி அனுமதி கேட்பவர்களும் உண்டு. பதில் தாமதமாகலாம், கிடைத்த அனுமதி கையில் இருக்கும்போது நடையின் சுகமே தனி.

## காணொளிகளும் குழுப் பயணங்களும்

இதில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. காணொளி ஏற்றப்பட்ட தேதி வேறு, எடுக்கப்பட்ட தேதி வேறு. ஆகவே நாள் கணிப்பில் நான்கில் இதுதான் கடைசி. வரைபடக் குறிகளில் ஒரே அருவி மூன்று பெயரில் மூன்று இடத்தில் இருக்கும். ஏற்றியவர் அனுமதியோடு போனாரா என்பது நமக்குத் தெரிய வழியில்லை. ஒரு சிற்றருவி இணையத்தில் பரவிவிட்டால் அடுத்த பருவத்தில் பாறையெல்லாம் புட்டித் துண்டுகளாகி, மூன்றாவது பருவத்தில் ஊராரோ துறையோ வழியை அடைத்துவிடுவதே வழக்கமாகியிருக்கிறது. குழுவாக அழைத்துப் போகும் அமைப்பாளர்களிடம் பணம் கட்டும் முன், வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் முடிவு அங்கேயே ஆகிவிட்டது. காணொளியின் ஒரே பயன், பாறை எவ்வளவு வழுக்கும், மடு எவ்வளவு ஆழம் என்பதைப் போகும் முன்பே பார்த்துவைத்துக்கொள்ளலாம் என்பதுதான்.

## எந்த மலைக்கு எது பொருந்தும்

ஜவ்வாது மலையின் வேலூர்ச் சரிவுக்கு, அதாவது ஒடுகத்தூர், அமிர்திப் பக்கத்துக்கு, வரைபடத்தில் பட்டியல் போட்டு ஊராரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளும் இரட்டை வழியே ஏற்றது. நாகநதி போன்ற ஓடைகள் பிறக்கும் இடம் என்பதால் நீர்ப்பிடிப்பு பெரிது. ஊர்கள் மலைமேல் பரவியிருப்பதால் கேட்க ஆள் உண்டு, காப்புக்காட்டுக்கு வெளியே நடக்கவும் ஓரளவு இடம் உண்டு. ஜமுனாமரத்தூர்ப் பக்கமும் அப்படியே. மேட்டுநிலத்திலிருந்து செய்யாற்றை நோக்கி இறங்கும் கிளையோடைகளில் மழைக்குப் பிறகு பார்க்க நிறைய இருக்கிறது.

ஏலகிரியில் தேடிப் பயனில்லை. மேட்டுநிலம் சிறியது, விடுதிகளும் வீட்டுமனைகளும் பெருகிவிட்டன. உருப்படியான நீர்வழி அத்தாறு, அதுதான் ஜலகாம்பாறையில் விழுகிறது. வனத்துறைத் தடத்தில் அதைப் பார்த்துவிட்டு வருவது போதும்.

குடியாத்தம், பேரணாம்பட்டு, மோர்தானாப் பக்கத்தைப் பற்றி என் கருத்து கடுமையானது. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் கௌண்டின்யா வன உயிரினச் சரணாலயம். யானைகள் இரு பக்கமும் போய்வருகின்றன. 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் அருகே காட்டோரத்தில் இருந்த ஓர் இளம்பெண்ணைச் சிறுத்தை தாக்கிக் கொன்றது. பள்ளத்தாக்கில் நீர் விழும் ஓசையில் யானை கிளை முறிக்கும் சத்தம் காதில் விழாது. சரணாலயத்துக்குள் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். மாநில எல்லை எங்கே முடிகிறது என்பதும் ஓடைக்குள் நிற்பவருக்குத் தெரியாது. இங்கே வனத்துறையினர் உடன் வந்தால் ஒழிய, மேலே சொன்ன எந்த வழியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மோர்தானா அணை நிரம்பி வழியும் நாளில் அனுமதிக்கப்பட்ட இடத்தில் நின்று பார்த்துத் திரும்பலாம்.

தென்மேற்குப் பருவத்தில் எந்த மலையாக இருந்தாலும் விடியலில் கிளம்பி, பகல் 1 மணிக்குள் ஓடையை விட்டு மேட்டுக்கு வந்துவிட வேண்டும். தலைக்குமேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகட்டுக்கு அப்பால் பெய்த மழை இறங்கி வரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது மலைமேல் பெய்த மழையால்தான். தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் கூடுதலாக மிதந்து வருவதும், ஓசை கனப்பதும் எச்சரிக்கைகள். அவற்றில் ஒன்று தெரிந்தாலும் பையைத் தேடாமல் கரையேற வேண்டும்.

குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு நான்கில் சேராத ஓர் எளிய வழி இருக்கிறது. பாலமதி, ஜமுனாமரத்தூர் மலைச்சாலைகளில் ஓடையைத் தாண்டுமிடமெல்லாம் ஒரு சிறுபாலம் இருக்கும். இரண்டு மூன்று நாள் தொடர்மழை ஓய்ந்த மறுநாள் காலையில் அந்தச் சாலையில் மெதுவாக ஏறினால், பாலத்துக்கு மேல்பக்கப் பாறைகளில் நீர் இறங்குவதை வண்டியிலிருந்தே பார்க்கலாம். காப்புக்காட்டுக்குள் கால் வைக்க வேண்டியதில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வண்டியைப் பாலத்தின்மேலும் வளைவிலும் நிறுத்தாமல், சாலை அகன்ற இடம் பார்த்து ஓரங்கட்டி நிறுத்துங்கள். மழை நாளில் மேலிருந்து வரும் பேருந்துக்குப் பிரேக் பிடிக்க இடம் வேண்டும்.